என் மனைவியின் எட்டு வாடிக்கையாளர்கள்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் இடது கணுக்காலைத் தவிர. உங்கள் முட்டிவலியும் அக்காவின் இருமலும் இந்நேரம் விடைபெற்றுப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முதல் சம்பளத்தில் உங்கள் தங்கைக்கு வாங்கிப் போட்டீர்களே, இரண்டு தங்க வளையல், அவற்றை வருகிற வெள்ளிக்கிழமை அடகு வைக்கப் போகிறாள். வியாபாரத்தைப் பெரிதாக்கப் போகிறாளாம். நீங்கள் உடனே போன் போட்டு, "வளையல்ல கை வச்சே, தெரியும் சேதி" என்று ஓர் அதட்டல் போட வேண்டும். நானே சொல்லலாமே என்று கேட்பீர்கள். என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

நான் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் காலத்தில் ஒரு போல்ட் காணாமல் போனதில்லை. போனது என்று சொல்பவர்களிடம் ஆதாரம் இல்லை. ரிட்டயர் ஆன மறுநாள் சும்மா உட்கார முடியாமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டி, எது எந்த அலமாரியில் என்று ஒரு ரிஜிஸ்டரும் போட்டுக் கொடுத்தேன். யாராவது பாராட்டுவார்களா இல்லையா? "உப்பு எடுக்க நான் நோட்டைப் புரட்டணுமா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள். என்னோடு பகல் முழுக்க ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று ஆன்லைனில் ஏதோ வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு முடிந்த அன்றைக்கே கவரிங் நகை வியாபாரம் தொடங்கிவிட்டாள்.

"சரக்கு எங்க?" என்று கேட்டேன்.

"சரக்கு கிடையாது."

"கடை?"

"அதுவும் கிடையாது."

"அப்ப என்னதான் இருக்கு?"

"போட்டோ இருக்கு. நான் படம் போடுவேன், ஆர்டர் வரும், நகை செய்யுறவருக்கு அதைத் தள்ளி விடுவேன், அவரு நேரா அவங்க வீட்டுக்கே பார்சல் அனுப்பிடுவாரு. நடுவுல நமக்கு லாபம்."

"கண்ணால பாக்காத சாமானை விக்கிறதுக்கு வேற பேரு இருக்கு."

"முப்பத்தொரு வருஷம் நீங்க சாமானைப் பாத்துக்கிட்டேதான இருந்தீங்க? என்ன வந்துச்சு? ஒரு சுவர்க்கடிகாரம். அதுவும் மூணே காலோட நின்னு போச்சு."

கடிகாரம் நின்றது உண்மை.

இரண்டு வாரம் ஒரு ஆர்டரும் வரவில்லை மச்சான். அடுப்பில் பால் பொங்குகிறது, இவள் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகம் இத்தனூண்டு ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தாங்கவில்லை. அதோடு, தரம் பார்க்காத சரக்கு என் வீட்டுப் பெயரில் வெளியே போகிறதே என்ற உறுத்தல் வேறு. ஆகவே ஒரு நர்ஸம்மா என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜோடித் தோடுக்கு நானே ஆர்டர் போட்டேன். முகவரிக்கு நான் இருபது வருஷமாக முடிவெட்டிக்கொள்ளும் சலூன். எண்ணிக்கை என்ற கட்டத்தில் "1 ஜோடி (ஒன்று மட்டும்)" என்று முறைப்படி எழுதினேன். யாராவது நடுவில் புகுந்து ஒன்றைப் பதினொன்று ஆக்கிவிடக்கூடாது பாருங்கள்.

உள்ளே அவள் போன் டிங் என்றது. "என்னங்க! என்னங்க!" என்று ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். இந்த வயதில் இதையெல்லாம் மைத்துனருக்கு எழுதக்கூடாதுதான், ஆனால் கிள்ளினாள். கேட்காமலே டீ வந்தது. சர்க்கரையும் போட்டிருந்தது. இதற்குப் பிறகு அந்த நர்ஸம்மா நான்தான் என்று எந்த மடையன் சொல்லுவான்?

தோடு வந்தது. ஒன்றில் கொக்கி வளைந்திருந்தது. விட முடியுமா? "சரக்கு பெறப்பட்டது, சேதத்துடன்" என்று நர்ஸம்மா பெயரில் புகார் அனுப்பினேன். உடனே பதில்: "மன்னிச்சுக்கோங்க மேடம், உங்க மனசு நோகக் கூடாது, வேற அனுப்பச் சொல்றேன், சாப்பிட்டீங்களா மேடம்?" மச்சான், முப்பது வருஷத்தில் என் மனசு நோகுமா என்று இவள் கேட்டதில்லை! அதே நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பி, "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்துகிறாள். ஒரே ஆள், ஒரே நேரம். நர்ஸம்மாவுக்கு ஒரு மரியாதை, எனக்கு ஒரு மரியாதை.

ருசி கண்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். நர்ஸம்மாவுக்குப் பின்னால் ஒரு டீச்சர் வந்தார், ஒரு தையல்காரம்மா, ஒரு வக்கீல் வீட்டம்மா என்று மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் அதே சலூன் முகவரிதான், ஆனாலும் ஒரு ஈ காக்காய்க்குச் சந்தேகம் வரவில்லை, அவ்வளவு கச்சிதம். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் எழுதுவேன், கூடத்திலிருந்து அவள் பதில் போடுவாள். நகையைப் பற்றித் தொடங்கும் பேச்சு மெல்ல வீட்டுப் பக்கம் வரும். "எங்க வீட்டுக்காரர் டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டி வச்சிருக்கார் மேடம், அழுகையா வருது" என்றாள் டீச்சரிடம். மறுநாளே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். "ஒரு நாளாச்சும் காய் நறுக்கித் தருவாரான்னு பாக்குறேன்" என்றாள் தையல்காரம்மாவிடம். அன்று சாயங்காலம் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். இரண்டு விரலில் இன்னும் பிளாஸ்திரி. ஒரு நாள் எனக்கே ரோஷம் வந்து, நர்ஸம்மா மூலமாக, "இப்படிப்பட்ட மனுஷனோட எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பாத்ரூமில் கால் மரத்துப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு பதில் வந்தது: "அவர் இல்லைன்னா இந்த வீட்டுல எந்தச் சாமானும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது மேடம். நான் உட்பட." மச்சான், முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இதற்கிடையில் சரக்கு சேர்ந்துகொண்டே போனது. சலூனின் பின்னறையில் இரும்பு ரேக் போட்டு, வளையல் ஒரு தட்டு, சங்கிலி ஒரு தட்டு, மோதிரம் ஒரு தட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரவு, வழங்கல், இருப்பு என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். வழங்கல் கட்டத்தில் எல்லா அட்டையிலும் பூஜ்யம். ஆனால் கொஞ்ச நாளாக இருப்பு உதைக்கிறது! அட்டையில் ஒன்பது சங்கிலி, தட்டில் ஆறுதான். சலூன்காரரைப் பிடித்துக் கேட்டேன். சோப்பு நுரை பூசிய என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே, "எனக்கு எதுக்கு சார் சங்கிலி?" என்கிறார். அந்த நிலைமையில் மேற்கொண்டு விசாரிக்க முடியவில்லை. மேல் தட்டை மறுபடி எண்ணலாம் என்று ஸ்டூலில் ஏறினேன், ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்கால் சுளுக்கிய கதை இதுதான். அவளிடம் நாய் துரத்தியதாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம்தான் தலையில் இடி இறங்கியது. "எட்டு நிரந்தரக் கஸ்டமர், ஒருத்தர்கூட விட்டுப் போகல. இப்ப விட்டா எப்பவும் இல்லை. வளையலை வச்சு விளம்பரம் கொடுக்கப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் கண்ணையே பார்த்துக் கேட்டாள். அந்த எட்டுப் பேரும் நான்தான்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. எப்படிச் சொல்வேன்? ஊரே தன்னை நம்புகிறது என்று நினைத்து நிமிர்ந்து நடக்கிறாள் மச்சான். நான் உண்மையைச் சொன்னால் அந்த நடை போய்விடும். சொல்லாவிட்டால் வளையல் போய்விடும். இரண்டில் எது போனாலும் எனக்கு ஆறாது. நீங்கள் அண்ணன், காரணம் சொல்லாமல் அதட்டலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

எட்டுப் பெண்கள் சார்பிலும் என் சார்பிலும் உங்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். சின்னவர்களுக்கு என் ஆசி. உங்கள் அதட்டலை எதிர்பார்த்துப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,

உங்கள் மைத்துனன்

பி.கு.: கணுக்கால் இப்படி இருப்பதால் தபால் பெட்டிவரை நடக்க முடியாது. கடிதத்தை உங்கள் தங்கையிடமே கொடுத்து அனுப்புகிறேன். பயப்பட வேண்டாம். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷ அனுபவம். யாரும் பிரிக்க முடியாது.

பி.பி.கு.: அண்ணா, நான்தான். இது புது உறை. குறுக்க இருக்கிற அவர் கையெழுத்தை நானே போட்டுட்டேன், ரேஷன் கார்டுலேருந்து பசங்க மார்க் ஷீட் வரைக்கும் அவருக்காக அதை நான்தான போட்டுட்டு வர்றேன். எட்டு பொம்பளைங்க ஒரு ஆம்பளைங்க சலூன்ல குடியிருக்காங்கன்னு நான் நம்பணுமாம்! முதல் ஆர்டர்லயே "ஒன்று மட்டும்"னு பாத்ததும் தெரிஞ்சு போச்சு. கன்னத்தைக் கிள்ளினது அதுக்குத்தான். மூஞ்சிக்கு நேரா சொன்னா அவர் காதுல எதுவும் ஏறாது, கஸ்டமர்கிட்ட சொன்னா மறுநாளே நடக்குது, இந்த வசதி யாருக்கு கிடைக்கும்? சங்கிலி குறையுறது என்னாலதான். சலூன்காரர் சாவி கொடுப்பார், நான் எடுத்துட்டுப் போய் தெருத்தெருவா நிஜ ஆளுங்ககிட்ட வித்துட்டு வர்றேன், நல்லாவே போகுது. கையில சரக்கு வைக்காம வியாபாரம் பண்ணலாம்னு வகுப்புல சொன்னாங்க. சரக்கை வாங்கி அடுக்கி, அட்டை போட்டு, காவலும் காக்க ஒரு ஆளு கிடைப்பார்னு அவங்களுக்கே தெரியாது. வளையலை நான் எதுக்கு அடகு வைக்கப் போறேன்? அப்படிச் சொன்னாலாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார்னு பாத்தேன். இருமுறார். நீங்க வெள்ளிக்கிழமை போன் போட்டு நல்லா சத்தமா திட்டுங்க, ஸ்பீக்கர்ல வைக்கிறேன், பாவம் நிம்மதியா தூங்கட்டும். நர்ஸம்மாவுக்கு நான் சொன்ன பதில் மட்டும் வியாபாரத்துக்காகச் சொன்னது இல்ல. அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த ஈரத்துண்டு விஷயத்தை இன்னும் எந்த மேடம்கிட்டயும் நான் சொல்லல, டீச்சர் அடுத்து எழுதும்போது சொல்லணும்.