துருக்கியார் கட்டிய அறை

மொன்றியலில் இருந்த தமிழர்களுக்குள், தான் குடியிருந்த ஒரு வீட்டைக்கூட வீடென்று ஒப்புக்கொள்ளாத மனிதர் துருக்கியார் ஒருவர்தான். கோட்-டெ-நெய்ஜில் தொடங்கி ஏழு இடம் மாறினார். ஏழையும் பெட்டி என்றே சொன்னார். இந்த ஊரில் வீடு எப்படி இருக்கிறது அண்ணை என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய பஸ் போய்விடும்.

ஆள் துருக்கியில் பிறந்தவர் அல்ல, சுத்தமான பருத்தித்துறைக்காரர். கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் பாதி வழியில் துருக்கியில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். நாலு வருடம் அங்கே மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் இப்படிப்பட்ட கதையைக் கண்ணீரோடு சொல்வார்கள். இவர் சர்வகலாசாலைக்குப் போய் வந்தவர்போலச் சொல்வார். பழைய மரவீடுகளைத் திருத்துகிற ஒரு தச்சரோடு சேர்ந்து அந்த நாடு முழுக்கப் பலகை சுமந்திருக்கிறார். அந்தப் பெருமையில் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. தக்காளிப் பெட்டி அடுக்கினால் மேல்வரிசை கீழ்வரிசையைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதலாளி அதற்குக் கீழே நடக்கவே பயப்படுவார். துருக்கியில் தெரு எவ்வளவு கோணலோ கீழ்வீடும் அவ்வளவு கோணல், மேல்வீடுதான் வெளியே நீட்டிக்கொண்டு நேராக நிற்கும் என்று துருக்கியார் விளக்கம் சொல்வார். அவர் இருந்த காலத்தில் ஒரு தக்காளிகூட விழவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ரோசமோ பொல்லாத ரோசம். ஒரு ஞானஸ்நான விருந்தில் யாரோ, "துருக்கி வீடெல்லாம் அரபு வீடுதானே" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். துருக்கியார் ஆட்டிறைச்சிப் புரியாணியைத் தொடாமல் எழும்பிப் போனார். சொன்னவரோடு இரண்டு வருடம் பேச்சு இல்லை.

இந்த மனிதரிடம்தான் நான் போய் விழுந்தேன். நான் சொல்வது இரண்டாயிரத்து மூன்று, நாலு காலம். வில்லரேயில் ஒரு மாடிவீட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். எனக்குப் படுக்கை ஹோலில், தொலைக்காட்சிக்கு முன்னால். மன்னாரில் பதிவுத்திருமணம் முடித்துவிட்டு வந்திருந்தேன். ஸ்பொன்சர் சரிவந்து, மனைவி ரெஜினா வந்து இறங்க மூன்று கிழமைதான் இருந்தது. தொலைபேசியில் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. "எங்களுக்கெண்டு ஒரு அறை இருக்குதோ?" என்று மட்டும் கேட்டாள். வாய் கூசாமல் ஓம் என்றுவிட்டேன்.

ஹோலில் ஒரு அறை பிரித்துத் தரச்சொல்லிக் கேட்டதும் துருக்கியார் வந்து பார்த்தார். இரண்டு ஹோல்களை ஒன்றாக்கின நீண்ட இடம், முன்பக்கம் தெருவுக்கு நீட்டின ஜன்னல். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல இடத்தில் பூச்சட்டி வைத்திருக்கிறார்களே என்று துக்கப்பட்டார். பிறகு இரண்டு கிழமை, துருக்கியில் எந்தப் பகுதி வீட்டைக் கட்டுவது என்று யோசித்தார். இங்கே பனி கொட்டுகிறபடியால் கருங்கடல் பக்கத்து மரவீடு என்றார் ஒருநாள். ஆடிமாதம் வேர்க்குமே என்று மறுநாள் தென்கிழக்குப் பக்கத்து மண்கூம்பு வீட்டுக்குப் போனார். அடுத்தது ஒருவருடைய கூரை மற்றவருக்கு முற்றமாகிற மலைச்சரிவுக் கல்வீடு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, எனக்கு ஒரு கட்டில் போட இடம் கிடைச்சால் காணும்."

"கட்டிலோ? அங்க அறைக்குள்ள கட்டில் இல்லை. விடிஞ்சால் படுக்கையைச் சுருட்டி அலுமாரிக்குள்ள வைச்சிடுவினம். பகலில அது இருக்கிற அறை, சாப்பாடு வந்தால் சாப்பாட்டறை. ஒரு அறை எண்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு முழு வீடு, விளங்குதோ?"

கடைசிக் கிழமை துருக்கியின் உட்பகுதிப் பட்டணத்து மரவீடு என்று முடிவானது. சந்தைப் பெட்டிப் பலகைகள் வந்து குவிந்தன. ஹோலைச் சுவர் வைத்துப் பிரிக்கவில்லை. நிலத்திலிருந்து முகடுவரை அலுமாரி வரிசையால் பிரித்தார். முதலாவது உடுப்புக்கு, இரண்டாவது படுக்கைக்கு. மூன்றாவது அலுமாரிதான் கதவு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கேபோல ஒரு அலுமாரிக்குள் குளியலறையும் வைக்கப் பார்த்தார். அக்கா அகப்பையோடு வந்து மறித்தாள். ஜன்னலைச் சுற்றி உட்காரத் தாழ்வான வாங்கு, முகட்டில் பலகையில் செதுக்கின சூரியன். ஒரு மூலையில், பெட்டிப் பலகையில் அச்சடித்திருந்த பீச்சுப்பழப் படம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் அழியவில்லை.

ரெஜினா வருவதற்கு முதல்நாள் மத்தியானம் வீட்டுக்காரர் படியேறி வந்தார். கீழ்வீட்டில் இருக்கிற கிரேக்கக் கிழவர். ஐந்து நாள் சுத்தியல் சத்தம் கேட்டுப் பொங்கியிருந்தார். என்னைக் கேட்காமல் என் வீட்டில் கைவைக்க நீங்கள் யார், பொழுதுபடுவதற்குள் எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றார். கோபத்தில் அறைக்குள் போகப் பார்த்தவர் முதலாவது அலுமாரியைத் திறந்தார், என் களிசான்கள். இரண்டாவதில் தலையணைகள் அவர் மேலேயே விழுந்தன. மூன்றாவதுக்கு உள்ளே போனார், சத்தம் நின்றுவிட்டது.

நாங்கள் எட்டிப் பார்த்தபோது வாங்கில் இருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பிறந்த அறை இப்படித்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். அதே அலுமாரி, அதே வாங்கு, முகட்டில் அதே சூரியன். பிறகு எழும்பி, துருக்கியாரின் தோளில் கைவைத்து, இது எங்கள் ஊர் வீடு, அசல் கிரேக்க வீடு, இதைக் கிரேக்கத்தில்தானே பழகினாய் என்று கேட்டார்.

புரியாணியை விட்டுப் போன மனிதரல்லவா இவர்? துருக்கியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தில் சிதறிக் கிடந்த இரண்டு புதுத் தலையணைகளைப் பார்த்தார்.

"யெஸ் சேர்," என்றார். "கிரீக் ஹவுஸ்."

கிழவர் கீழே போய், வாங்குக்கு விரிக்க ஒரு கம்பளத்தோடு திரும்பி வந்தார். கழற்றுகிற பேச்சு பிறகு எழவே இல்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். துருக்கியார் படியில் நின்று, "தம்பி, இதை வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று மட்டும் சொன்னார்.

ரெஜினா அடுத்தநாள் வந்தாள். மூன்றாவது அலுமாரியை முதல் தரமே சரியாகத் திறந்து உள்ளே போய், வாங்கில் இருந்து தெருவைப் பார்த்தாள். "வீடு வடிவாயிருக்கு" என்றாள். அறை என்று சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு துருக்கியார் குசினிக்குள் இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஒருத்தருக்கும் சொல்லாதே என்றீர்கள், இத்தனை வருடம் சொல்லவில்லை. இன்று ஊருக்கே சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். அது துருக்கி வீடுதான், அண்ணை.