டன்னுக்கு எத்தனை யூனிட்

பத்தேகாலுக்குப் புரோகிராம் மறுபடியும் படுத்துவிட்டது. ‘ஃபுளோட்டிங் பாயிண்ட் எக்ஸெப்ஷன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு உயிரை விட்டிருந்தது.

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. பூஜை விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள். ஒரு டன் சுண்ணாம்புக்கல் உடைக்க எத்தனை யூனிட் கரண்ட் ஆகிறது என்று கன்ட்ரோல் ரூம் போர்டில் காட்டுவது சுதர்சனின் புரோகிராம். கல் ஓடும் பெல்ட்டின் மேல் மாட்டிய லேசர் கண் டன்னைச் சொல்லும், மீட்டர் யூனிட்டைச் சொல்லும், வகுத்தால் முடிந்தது.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஜி.எம். வருகிறார். போர்டு ஒழுங்காக ஓடினால் சுதர்சனுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் குரும்பலூர் வெள்ளைச்சாமி தன் மகள் சுகன்யாவைக் கொடுப்பார்.

“என்னப்பா ஆச்சு?” மேனேஜர் அய்யம்பெருமாள் பதறினார்.

“எதையோ பூஜ்யத்தால வகுக்குது சார். அப்படி வகுத்தா உடனே நிறுத்துன்னு, புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர்ல ஒரு ஆப்ஷன் போட்டிருக்கேன். எடுத்துடறேன்.”

“சார், ஒரு நிமிசம்…” பெல்ட் பக்கம் பெருக்கித் துடைக்கும் பூங்காவனம் வாசலில் நின்றாள்.

“அப்புறம்க்கா!”

ஆப்ஷனை எடுத்தான். புரோகிராம் நிற்கவில்லை. போர்டில் ‘இன்ஃபினிட்டி’ என்று மின்னியது.

“அப்படின்னா?”

“முடிவே இல்லாததுன்னு அர்த்தம் சார்.”

“ஒரு டன்னுக்கு முடிவே இல்லாத கரண்டா? பெரம்பலூர் வரைக்கும் இருட்டாயிடுமேப்பா!”

இன்ஃபினிட்டி வந்தால் வெறும் கோடு போடு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தான். போர்டு மசியவில்லை. வியர்க்க விறுவிறுக்கத் தேடியதில் விஷயம் தெரிந்தது. வேகத்துக்காகப் போன மாதம் இன்னொரு ஆப்ஷன் போட்டிருந்தான். இன்ஃபினிட்டி என்ற ஒன்று வரவே வராது என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் ஆப்ஷன். கம்பைலர் அதை நம்பி, வராததற்குச் சோதனை எதற்கு என்று அவன் எழுதிய வரியைத் தூக்கிப் போட்டுவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்திருந்தது.

“சார், அந்தப் பெல்ட்டுல…”

“அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க!”

அந்த ஆப்ஷனையும் பிடுங்கினான். கோடு வந்தது. ஆனால் போர்டைப் படிக்கும் அலாரத்துக்குக் கோடு புரியவில்லை. ஏதோ ஆபத்து என்று சைரனை அலறவிட்டு, பெல்ட்டையே நிறுத்திவிட்டது.

அந்த அலறலுக்கு நடுவே, பத்து நிமிடம் முன்னதாகவே ஜி.எம். உள்ளே வந்தார். காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“பெல்ட்டுல கல்லு ஓடிச்சா?”

“காலையிலேருந்து ஓடிட்டுதான் இருந்துச்சு சார்” என்றார் அய்யம்பெருமாள்.

“அப்ப டன் எப்படிப் பூஜ்யமாச்சு?”

அந்தக் கேள்வி சுதர்சனுக்கு இதுவரை தோன்றவே இல்லை. சுகன்யா கையை விட்டுப் போவது தெரிந்தது.

“அதத்தான் காலையிலேருந்து சொல்ல வரேன்” என்றாள் பூங்காவனம். “ஆயுத பூசையன்னிக்கு வச்ச பொட்டு அந்த லேசர் கண்ண முழுசா மூடியிருக்குங்க, தொடச்சுடவா? ‘அந்தக் கண்ணுதான்க்கா என்னைப் பெர்மனென்ட் ஆக்கப்போவுது, அதுக்கு மட்டும் சந்தனத்தைத் தூக்கலா அப்புங்க’ன்னு சுதர்சன் சார்தானே சொன்னாரு!”