ஈஸ்வரபாண்டியின் மறக்க முடியாத பத்து

நாற்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள். பாக்கி ஈஸ்வரபாண்டி மட்டும்தான்.

பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு மண்டபத்தில் குடும்பத்தோடு கூடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ‘என் வாழ்க்கையில் மறக்க முடியாத பத்து’ என்று எழுதிக் குழுவில் போட வேண்டும். பிடித்த சாப்பாடு, பிடித்த இடம், நினைத்தால் சிரிப்பு வருகிற சம்பவம், எதுவாகவும் இருக்கலாம். இது அட்மின் சுந்தர்ராஜின் கட்டளை. சுந்தர்ராஜ் தலைமையாசிரியர். தினமும் காலையில் ‘இன்னும் சமர்ப்பிக்காதோர்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை வெளியிடுவான். மூன்று நாளாக அந்தத் தலைப்பின்கீழ் ஒரே பெயர்தான் நின்றுகொண்டிருந்தது.

ஈஸ்வரபாண்டிக்குக் கூடலூரில் ஜீப் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. விடிந்ததும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிற வண்டிகளில் எது உடைந்தாலும் அவரிடம்தான் வர வேண்டும். எந்த வண்டிக்கு எந்த வருஷம் கிளச் பிளேட் மாற்றியது, எந்த வளைவில் எவனுடைய ஆக்சில் போனது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாபகசக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேனாவோடு உட்கார்ந்தபோது முதல் மூன்று வரிகளும் வண்டி நம்பர்களாகவே வந்தன. நான்காவதாக ‘கீர் பாக்ஸ்’ என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தார்.

கடையில் பில் போடுகிற ஜெபஷீலா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மகளிர் குழு ஆண்டு விழாவுலயும் இதே மாதிரி எழுதினோம்ணே. எல்லாம் என் போன்லதேன் கெடக்கு. உங்களுக்குப் பொருத்தமா ஒண்ணு அனுப்பவா?”

கையில் பிரேக் லைனிங்கோடு ஒரு டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். “எதையாச்சும் அனுப்பு தாயி” என்றார் ஈஸ்வரபாண்டி. வந்ததை அப்படியே குழுவில் தள்ளிவிட்டார்.

டிரைவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குழுவே கொதித்துக்கொண்டிருந்தது. கைதட்டல், இதயம், கண்ணீர் விடும் முகம். ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒருவன், இதைப் படித்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடப் போவதாக எழுதியிருந்தான். சுந்தர்ராஜ், ‘நமது பாண்டிக்குள் இப்படி ஒரு மனிதனா’ என்று கேட்டுவிட்டுப் பட்டியலைத் தன் ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஈஸ்வரபாண்டி, தன்னுடைய மறக்க முடியாத பத்து என்னென்ன என்று முதன்முறையாகப் படித்தார்.

‘வீரபாண்டித் திருவிழா ராட்டினம் உச்சியில் நின்றுபோன அந்தப் பத்து நிமிஷம். என் கைக்குள் நடுங்கிய ஒரு கை.’

‘சுருளி அருவியில் ஒற்றைச் செருப்பு தண்ணீரோடு போக, மிச்சமிருந்த மூன்று செருப்பை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்த தூரம்.’

‘காய்ச்சலில் கிடந்தபோது எனக்காக வைத்த கஞ்சி. உப்பே இல்லை. அவ்வளவு ருசியாக அப்புறம் ஒரு கஞ்சி குடித்ததில்லை.’

ஈஸ்வரபாண்டிக்கு வேர்த்தது. யாருடைய கை? யாருடைய செருப்பு? அதைவிட, கஞ்சி வைத்தது யார்? அவர் மனைவி நாகஜோதி இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட உப்புப் போட மறந்தவள் இல்லை. இது அவள் கண்ணில் பட்டால் வீடு வீடாக இருக்காது.

சுந்தர்ராஜின் ஸ்டேட்டஸ் நாகஜோதியின் போனுக்கும் போகும் என்பது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

உள்ளே நிலவரம் மிகவும் மோசமாக இருந்தது. நாகஜோதி புதுச் சேலை கட்டியிருந்தாள். தலையில் மல்லிகை. சாப்பாட்டுக்குக் கோழிக் குழம்பு. அவள் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பரிமாறியதுதான் ஈஸ்வரபாண்டியை மிகவும் கலக்கியது. இப்படி அமைதியாக இருந்துதான் அவள், வீட்டைக் கட்டிய மேஸ்திரியை ஒருநாள் ஊரைவிட்டே ஓட வைத்தாள்.

இரண்டாம் முறை சோறு போடும்போது கேட்டாள்.

“படிச்சேன். அந்த ராட்டினத்துல நடுங்கின கை யாரு கைங்க?”

கேட்டுவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள். சிக்கியாயிற்று என்று ஈஸ்வரபாண்டிக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வந்த முதல் பெயரைச் சொன்னார்.

“சுந்தர்ராஜ் கை. பத்தாவது படிக்கிறப்ப.”

நாகஜோதியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அப்ப அந்தச் செருப்பு?”

“எங்க அக்கா செருப்பு. சின்னப் பிள்ளையில.”

“கஞ்சி?”

“எங்க ஆத்தா வச்சது.”

ஒரு வெளிப் பொம்பளைப் பெயர்கூட இல்லாமல், அக்காவையும் ஆத்தாவையும் வைத்தே முடித்துவிட்ட சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. நாகஜோதி கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள். போகும்போது மல்லிகையை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அக்கா மகாலட்சுமி கம்பத்திலிருந்து போன் செய்தாள். நாகஜோதி அவளிடம் விசாரித்திருக்கிறாள்.

“ஏன்டா தம்பி, சின்னப் பிள்ளையில நமக்கு ஏதுடா செருப்பு? நான் செருப்புப் போட்டதே கல்யாணத்துக்கு அப்புறந்தேன்.”

ஈஸ்வரபாண்டி சமாளிப்பதற்குள் போன் கை மாறியது. அக்கா வீட்டில் இருக்கும் அம்மா ராஜாத்தி பேசினாள்.

“ஏலே, நான் உனக்கு எப்படா உப்பில்லாம கஞ்சி வச்சேன்? ஊரெல்லாம் எழுதிப் போட்டிருக்கியாமே. என் கைப்பக்குவத்த இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு குறை சொன்னதில்லடா.”

அம்மா தன் சமையலுக்குச் சாட்சியாக இறந்துபோன நாலு பேரின் பெயரைச் சொன்னாள். பிறகு, இனி உன் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நாகஜோதி சுந்தர்ராஜிடமும் விசாரித்திருந்தாள். சாயங்காலம் அவனுடைய பதில் குழுவிலேயே வந்தது. தனக்கு உயரம் என்றாலே தலைசுற்றும் என்றும், வாழ்நாளில் ராட்டினத்தில் ஏறியதில்லை என்றும், வதந்திகளை நம்ப வேண்டாம் என்றும் தலைமையாசிரியர் தோரணையில் அறிவித்திருந்தான். அத்தோடு விடவில்லை. பாண்டியின் பட்டியலே முதல் பரிசுக்குத் தேர்வாகியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை பாண்டி தம்பதி சமேதராக மேடையேறி அதை வாசிக்க வேண்டும் என்றும் கடைசி வரியில் சேர்த்திருந்தான்.

நாகஜோதி இப்போது தேவைக்கு மட்டும் பேசினாள். தட்டை வைத்துவிட்டு, “சோறு” என்பாள். அவ்வளவுதான். கோபப்பட்டால்கூடச் சமாளித்துவிடலாம். அவள் கோபப்படவில்லை. எதையோ தொலைத்தவள்போல வீட்டுக்குள் நடந்தாள். ஒருமுறை அவர் கவனிக்காத நேரத்தில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈஸ்வரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. இவளை விட்டுவிட்டு எப்படி மேடையேறுவது என்பதெல்லாம் போய், இவள் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது.

சுந்தர்ராஜுக்குத் தனியாகப் போன் போட்டார். அவன் கல்வித்துறை அனுபவத்தில் ஒரு யோசனை சொன்னான். “அந்த எடத்துக்கெல்லாம் தங்கச்சிய நீயே கூட்டிட்டுப் போ. பழைய ஞாபகத்துக்கு மேல புது ஞாபகத்தப் பதிய வை.”

சனிக்கிழமை கடையை ஜெபஷீலாவிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியைச் சுருளி அருவிக்கு அழைத்துப்போனார். சுருளி என்றதும் நாகஜோதி மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். வண்டியில் போகும்போது நாலு வார்த்தை பேசக்கூடச் செய்தாள். ஈஸ்வரபாண்டிக்குப் பாதி உயிர் வந்தது.

அருவிக்குப் போகிற பாதையில் ஒரு பாறை ஓரமாக அவள் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“இங்கன நிக்கிறப்ப உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா?”

ஈஸ்வரபாண்டி சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவே ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்தது.

“வராம என்ன? வர்ற வழியில அந்தத் திருப்பம் பாத்தேல்ல, அங்கனதேன் கருத்தக்கண்ணன் வண்டிக்கு பிரேக் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் லீக்கு. நாந்தேன் வந்து மாத்திக் குடுத்தேன்.”

நாகஜோதி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. பரிசாவது, மேடையாவது. உண்மையைச் சொன்னால் இவள் மனசில் இருக்கிற சந்தேகம் தீரும், கண்ணீர் நிற்கும். அதுபோதும். அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“இந்தா பாரு சோதி. நீ நினைக்கிற மாதிரி ஒருத்தியும் இல்ல. அந்தக் கையும் இல்ல, செருப்பும் இல்ல, கஞ்சியும் இல்ல. அது நான் எழுதினதே இல்ல. யாரோ ஒரு வேலையத்த ஆளு எழுதினது. அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்.”

நாகஜோதி நிமிர்ந்தாள். “யாரோவா?”

“யாரோதேன்.”

“அதுல ஒண்ணுகூட உங்க வாழ்க்கையில நடக்கலையா?”

“ஒண்ணுகூட நடக்கல. அம்மன் மேல சத்தியம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க முடியாது. ஈஸ்வரபாண்டி மூச்சு விட்டார். நாகஜோதி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியை எடுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்ததும் பையில் நாலு சேலையை அடுக்கினாள். வருசநாட்டில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகவும், நாளைக்குத் தேனிக்கு அவர் மட்டும் போய்க்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். அவர் வழிமறிப்பதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஈஸ்வரபாண்டி நேரே கடைக்குப் போனார். ஜெபஷீலா போல்ட் நட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

“உன்னால என் குடும்பமே ரெண்டாகிப் போச்சு தாயி. பொய் சொன்னேன், மூஞ்சியத் தூக்குனா. உண்மையச் சொன்னேன், பெட்டியத் தூக்கிட்டா. கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த லிஸ்ட எழுதின பாவி யாரு?”

ஜெபஷீலா கையிலிருந்த நட்டைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னண்ணே இப்பிடிக் கேக்குறீக? எங்க மகளிர் குழுவுக்கு நாகஜோதி அக்கா எழுதிக் குடுத்ததுதேன். ராட்டினத்துல கை நடுங்குனது, செருப்பத் தொலைச்சது, கஞ்சிக்கு உப்புப் போடாதது எல்லாமே நீங்கதானாமே?”