டிரான்ஸ்பர் மாலியும் ஒரு பன்னீர் ரோஜாவும்

அரசாங்க டிரான்ஸ்பரைக்கூட ஆளைப் பிடித்து நிறுத்திவிடலாம். எங்கள் லிங்கராஜபுரம் தெருவில் தோட்ட வேலை பார்க்கும் மாலி போட்ட டிரான்ஸ்பரை நிறுத்த ஆண்டவனாலும் ஆகாது. அவர் மாற்றியது மனிதர்களை அல்ல, செடிகளை. தெருவிலிருந்த தோட்டமெல்லாம் அவருக்கு ஒரே தோட்டம். நடுவிலிருந்த காம்பவுண்டு சுவர்களை நாங்கள் ஏதோ ஆசைக்குக் கட்டி வைத்திருப்பதாக அவருக்கு எண்ணம். ஒரு வீட்டில் செடி வாடினால் பெயர்த்து, அடுத்த வீட்டில் நட்டுவிடுவார். யாரையும் கேட்க மாட்டார். அதனால் தெருவே அவரை 'டிரான்ஸ்பர்' என்றது. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், அங்கே குடிபோன புதிதில், களை எடுக்க அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால் சும்மாவா! பேக்கரி வாசல், பஸ் ஸ்டாப், சர்ச் கேட் என்று துரத்தித் துரத்திக் கூப்பிட்டேன்.

"எப்பத்தான் வருவீங்க மாலி?"

"நீ கூப்ட்டா வரமாட்டேன் சார். செடி கூப்ட்டா வருவேன்" என்றார், டீயில் பன்னை நனைத்துக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது செடி கூப்பிட்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் களை அப்படியே இருக்கிறது, குரோட்டன்ஸைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் எலுமிச்சங்கன்று. பின்னாலேயே எதிர்வீட்டு மேஜர் கைத்தடியோடு வந்துவிட்டார். பட்டாளத்தையே மேய்த்து ரிட்டயர் ஆன மனுஷர்.

"என் எலுமிச்சை இங்க என்னய்யா பண்ணுது?"

"நல்லா சத்தம் போடுங்க மேஜர். நானும் சேர்ந்துக்கறேன்."

அதற்குள் தெருமுனையில் மண்வெட்டி தெரிந்தது. மேஜரின் குரல் பொசுக்கென்று இறங்கியது. "மெதுவாப் பேசுங்க சார். காதுல விழுந்தா கறிவேப்பிலையையும் தூக்கிடுவாரு."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பன்னீர் ரோஜாவில் கை வைத்தாரே, அதுதான் தாங்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அவள் அம்மா வேலூரில் தன் கையால் பதியன் போட்டுக் கொடுத்த செடி அது. எங்களிடம் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை என்றாலும், தினம் அதோடு பேசிவிட்டுத்தான் ஸ்டெல்லா அடுப்பு மூட்டுவாள். கிறிஸ்துமஸுக்கு மாமியார் வருவதாகச் சொல்லியிருந்த வருஷம் பார்த்து, மழைக்காலத்தில் ஒரு காலையில் அங்கே வெறும் குழிதான் இருந்தது. ஸ்டெல்லா குழி ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் பேக்கரிக்கு ஓடினேன். "யோவ், ரோஜா எங்கய்யா?"

"மேஜர் வூட்டுக்கு அனுப்பிட்டேன் சார். உன் வூட்டுல அதுக்கு வெயிலே இல்ல. பாவம், வாயில்லாத ஜீவன்."

"மரியாதையா கொண்டுவந்து வை!"

"இப்பத்தான் வேர் புடிக்குது. நோண்டுனா செத்துடும். ஸ்வல்ப பொறு சார், கொஞ்ச நாள்தான்."

"இனிமே என் வீட்டுப் பக்கமே வராதே!"

"சரி சார்" என்றார். அடுத்த வாரம் கத்திரியோடு வந்து காபி கேட்டார். ஸ்டெல்லாவும் கொடுத்தாள். நான் என்ன செய்ய?

டிசம்பரில் மாமியார் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "என் ரோஜா எங்கடி?" ஸ்டெல்லா அவரை எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் பின்னால் போனேன். அங்கே கிளை தாழப் பூத்து நிற்கிறது செடி! தெருவே மணக்கிறது. மாமியார் ஒரு பூவை முகர்ந்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளா இத உங்க வூட்ல வெச்சி ஏன் மாப்ள கொன்னுக்கினு இருந்தீங்க?"

சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப்போவதாகச் சொல்ல, நாங்கள் ஆனேக்கல் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். ரோஜாவைக் கேட்டதற்கு டிரான்ஸ்பர் மறுத்துவிட்டார். "வயசான செடிம்மா, தாங்காது." அந்த வருஷமே மாமியார் காலமானார். அம்மா நினைவாக ஒரு செடிகூட இல்லையே என்று ஸ்டெல்லா புலம்பாத நாள் இல்லை.

ஒருநாள் வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கேட்டருகே டிரான்ஸ்பர் நிற்கிறார். அத்தனை தூரம் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மடியில் வைத்துக் கொண்டுவந்த பெயின்ட் டப்பாவில் பன்னீர் ரோஜாப் பதியன், நுனியில் ஒரு மொட்டு. மாமியார் போன செய்தியும் எங்கள் விலாசமும் மேஜர் சொல்லித் தெரிந்ததாம். மாடிக்கு வந்து, பால்கனியில் வெயில் விழும் மூலையைத் தேடி டப்பாவை வைத்தார்.

"இத மட்டும் எங்கயும் அனுப்பமாட்டேம்மா. பயப்படாத."

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தோணுச்சுன்னா அனுப்புங்க மாலி. அதுக்காகவாவது இன்னொரு தரம் வருவீங்க இல்ல?"

அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். வரவே மாட்டேனென்கிறார் என்று எத்தனையோ நாள் திட்டிய எனக்கு, அன்று அவர் போவதுதான் கஷ்டமாக இருந்தது.