மாதிரி மரணம்

விண்ணப்பம் மூன்றாவது தடவையும் திரும்பி வந்திருந்தது. இந்த முறை காரணத்தைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: இறந்தவரின் கையொப்பம் இல்லை.

அருள்நாயகம் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "இஞ்சாரும், செத்தவரின்ர கையெழுத்து வேணுமாம்."

"வாங்கிக் குடுங்கோவன்," என்றாள் மங்கையற்கரசி, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். "உங்களுக்குத் தெரியாத செத்த ஆக்களோ?"

பிறம்ரன் களஞ்சியம் ஒன்றில் எட்டு வருடம் பெட்டி தூக்கிய அவருடைய இடுப்பு, போன கார்த்திகையில் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. மிஞ்சியது ஒரு யோசனைதான். ரொறன்ரோவில் ஒரு தமிழர் இறந்தால் அந்தச் செய்தியை அன்றைக்கே எல்லோருடைய செல்போனுக்கும் எழுத்தாக அனுப்புவது. அதற்கு அவருடைய வியாபாரத்தை ரெலிபோன் கொம்பனியில் பதிய வேண்டும். நான்காவது தடவையும் திரும்பினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த ஒரு வருடத்தை எதைத் தின்று கடத்துவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

யோசனை பிறந்தது பார்க்டேலில், தியாகலிங்கத்தாரின் செத்தவீட்டில். மண்டபத்தில் நாற்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். இருந்தவர்கள் நான்கு பேர். இருவர் பெட்டி தூக்க வந்த மண்டபத்து ஆட்கள், மூன்றாமவர் ஐயர். ஐயரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் கதிரைகள் ஏதோ ஒரு தொடருந்துக்காகக் காத்திருக்கும் பயணிகள் போல வரிசையாக இருந்தன.

"சனத்துக்குத் தெரியேல்லை அரசி," என்றார் அன்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல். "தெரிஞ்சால் எங்கட சனம் வராமல் விடுமே?"

அந்த ஒரு வசனத்தின் மேல்தான் வியாபாரம் முழுவதும் நின்றது.

விண்ணப்பத்தோடு ஒரு மாதிரிச் செய்தி இணைக்க வேண்டும். முதல் முறை, கற்பனையான ஒரு செத்தவருக்குத் தன் சொந்தக்காரரையே உறவாக்கி அவர் எழுதிய அறிவித்தலில் அன்பு மகனும், ஆருயிர்க் கணவரும், பாசமிகு மைத்துனரும் சேர்ந்து அறுநூற்றுப் பதினொரு எழுத்து வந்தது. கொம்பனி விட்டது நூற்று அறுபது. அதுவும் இங்கிலிஷ் எழுத்தில். தமிழ்ப் பெயர் ஒன்று இங்கிலிஷில் ஏறினால் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தது.

"என்ர அண்ணன்மாரை வெட்டிப்போட்டு உங்கட மச்சானை மட்டும் விட்டிருக்கிறியள்," என்றாள் மங்கையற்கரசி.

கடைசியில் எல்லோரையும் வெட்டினார். செத்தவர் அநாதையானார். அப்போதும் திருப்பினார்கள்: பெயர் கற்பனை, உண்மையான ஆள் வேண்டும். தியாகலிங்கத்தாரின் பெயரைப் போட்டார். இப்போது கையொப்பம் கேட்கிறார்கள்.

கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தார். பதிவுப் பகுதியில் இருந்த பெண் அவருடைய இங்கிலிஷை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், தமிழ்லயே கதையுங்கோ. நான் மெலிசா. அப்பா மன்னார்."

"பிள்ளை, செத்தவர் எப்பிடிச் சைன் வைக்கிறது?"

"ஐ நோ அங்கிள். பட் மெசேஜில பேர் வாற ஆள் சைன் பண்ணத்தான் வேணும். பீட்சாக் கடையளுக்கு எழுதின ரூல்."

"அப்ப உயிரோட இருக்கிற ஆள்தான் சாகலாம்?"

"பேசிக்கலி, யெஸ்."

அருள்நாயகம் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தார். உயிரோடு இருப்பவர், கையொப்பமிடத் தயாரானவர், செத்தாலும் கோபிக்காதவர். அப்படி ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும்.

"சரி பிள்ளை. நான்தான் செத்தது."

"ஓகே. ஆனா சோதிச்சுப் பாக்கிற ரெஸ்ட் ஒண்டும் இருக்கு. மெசேஜ் வரச் சம்மதமெண்டு பத்துப் பேரிட்டச் சைன் வாங்குங்கோ. நாங்கள் அவைக்கு மெசேஜை அனுப்புவம். கிடைச்ச ஆக்கள் போனில ஒண்டாம் நம்பரை அமத்த வேணும், அது எங்களுக்கு வரும். எட்டுப் பேராவது அமத்தினால் பாஸ்."

"ரெஸ்ட் எண்டு மேல போடலாமோ?"

"நோ, நோ. ரெஸ்ட் எண்டு முதலே சொல்லவும் கூடாது. சொன்னால் கான்சல்."

மங்கையற்கரசி கத்தியை வைத்துவிட்டு வந்தாள். "எப்ப சாகிறியளாம்?"

"சனிக்கிழமை, காலமை பத்து மணிக்கு."

"சனிக்கிழமை எங்கட லோண்டிரி முறை."

ஆனால் அன்று இரண்டு தரம் அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்துப் பேரைத் தெரிவுசெய்வது கடினமாக இருக்கவில்லை. செல்வரட்ணத்தின் தகப்பன் செத்தபோது மூன்று நாள் தேத்தண்ணி ஊற்றியவர் அருள்நாயகம். பேனாட்டின் தாயைக் கொண்டுபோன வண்டி பனியில் புதைந்தபோது பின்னால் நின்று தள்ளியவரும் அவர்தான். இடுப்பு முதலில் நொந்தது அன்றைக்குத்தான். பத்து வீட்டுச் சாவிலும் அவர் நின்றிருக்கிறார். பத்துப் பேரும் உடனே கையொப்பம் வைத்தார்கள்.

"செத்தவீட்டுச் செய்தி இனி உடன உடன வரும். கிடைச்சால் ஒண்டை அமத்துங்கோ," என்று மட்டும் சொன்னார்.

"நல்ல சேவை அருள் அண்ணை," என்றான் பேனாட். "சனத்துக்குத் தெரியிறேல்லை, அதுதான் பிரச்சினை."

வெள்ளிக்கிழமை மங்கையற்கரசிக்குப் பயம் பிடித்தது. "செல்வரட்ணம் அண்ணைக்கு இருதய வருத்தம். கேட்ட உடன விழுந்திட்டால்?"

அதனால் ஏற்பாடுகள் தொடங்கின. கீழ் மாடி வேரோனிக்காவிடம் பிறந்தநாள் விழா என்று சொல்லி இருபது மடக்குக் கதிரை வாங்கினார்கள். பெரிய பானையில் தேத்தண்ணி. அழுதுகொண்டு வருபவர்கள் கதவைத் திறந்ததும் பிரேதத்தையே காணக்கூடாது என்பதால் அருள்நாயகம் படுக்கையறையில் இருக்க வேண்டும். மங்கையற்கரசி வந்தவர்களை இருத்தி, தண்ணீர் கொடுத்து, மெல்லச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் வெளியே வந்து மன்னிப்புக் கேட்பார். மன்னிப்பை எழுதியே வைத்திருந்தார். நூற்று அறுபது எழுத்துக்கு மேல் போகவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அருள்நாயகம் இறந்தார்.

அவர்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் மெல்லிய பனி பெய்துகொண்டிருந்தது. பதினொன்றுக்கு லிப்ற் கதவு திறந்த சத்தம் கேட்டது. மங்கையற்கரசி எழுந்து சேலையைச் சரிசெய்தாள். பக்கத்து வீட்டுக்குப் பீட்சா.

ஒரு மணிக்கு ரெலிபோன் அடித்தது. செல்வரட்ணம்.

"தங்கச்சி, அருளின்ர அந்தப் பச்சை வான் இப்பவும் ஓடுதோ?"

"ஓடுது அண்ணை. ஏன்?"

"வேற ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லையே?"

"இல்லை. அவர் உள்ளதான் இருக்கிறார், குடுக்கட்டே?"

செல்வரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம் தங்கச்சி. நீர் கொஞ்சம் படுத்து ஆறும். எல்லாம் முடிய எடுக்கிறன்."

மங்கையற்கரசி அறைக் கதவைத் திறந்தாள். "அவருக்குச் செய்தி போகேல்லை. வானைப் பற்றித்தான் கேட்டவர்."

"அவற்ர போன் பழசு," என்றார் அருள்நாயகம்.

மூன்று மணிக்குத் தேத்தண்ணியை இரண்டாம் தரம் சூடாக்கினாள். ஐந்துக்கு அதில் ஆடை படிந்தது. அருள்நாயகம் வெளியே வந்து இருபது கதிரைகளுக்கு நடுவில் ஒன்றில் இருந்தார். எதிரே அவள் இருந்தாள். இருவரும் ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள்.

"ஒண்டும் போய்ச் சேரேல்லை அரசி. கொம்பனீன்ர மிசின் பிழை."

"ஒரு விதத்தில நல்லது. ஒருத்தரும் அழேல்லை."

"ஒரு வருசம் அரசி."

ஞாயிறும் அப்படியே போனது. கதிரைகளை மடக்காமலே விட்டிருந்தார்கள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவர் கொம்பனிக்கு எடுத்தார். மங்கையற்கரசி றிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை, மெலிசா, கோபிக்காதை. என்ன பிழையோ தெரியாது, ஒருத்தருக்கும் செய்தி போகேல்லை. கிடைச்சிருந்தால் ஒராளாவது வந்திருக்கும். இன்னுமொருக்கா அனுப்பிப் பாக்கேலாதோ? இன்னும் ஒரேயொருக்கா..."

"அங்கிள், வெயிட், வெயிட்! என்ன கதைக்கிறியள்? நீங்கள் பாஸ்! அஞ்சு நிமிசத்துக்குள்ள பத்துப் பேருமே ஒண்டை அமத்திப்போட்டினம், அதில செல்வரட்ணம் எண்டொராள் ரெண்டுதரம் அமத்தியிருக்கிறார்."