எண்பது சதவீதம் முடித்தவர்

"செயல்திறன் சோதனைக் கருவி மாற்றத்தின் தலைமைச் சிற்பி. வணிகக் கருவிகளின் பிடியிலிருந்து நிறுவனத்தை மீட்டு, கட்டற்ற மென்பொருளின் பெருவெளிக்கு முன்னின்று அழைத்துச் செல்பவர்." சங்கரன்கோவில், ராஜபாளையம் சாலை மாடி அலுவலகம் ஒன்றில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வீற்றிருக்கும் ராஜதுரையைப் பற்றி நிறுவனத்தின் இணையப் பக்கம் இப்படித்தான் சொல்கிறது. கூடவே ஒரு படம். கைகளைக் கட்டிக்கொண்டு தொலைவில் எதையோ கூர்ந்து பார்க்கிறார். எதிர்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பது கேண்டீன்.

இந்த இனத்துக்கு மாற்றுநர் என்று பெயர் வைக்கலாம். எதையும் மாற்றாமல் மாற்றத்துக்குத் தலைமை தாங்குகிறவர். அலுவலகத்துக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. இரண்டு பேர் இருந்தால் அதற்குக் குழு என்று பெயர்.

அவர் வேலை என்ன என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். தீபாவளிக்கு ஆம்னி பஸ் டிக்கெட் பதிவு தொடங்குகிற காலை எட்டு மணிக்கு, ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் நிறுவனத்தின் டிக்கெட் இணையதளத்துக்குள் முண்டியடித்தால் அது நிற்குமா, விழுமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள, இல்லாத ஐயாயிரம் பேரைக் கணினியில் உருவாக்கி ஏவிவிட்டுப் பார்ப்பார்கள். அதுதான் செயல்திறன் சோதனை. இதற்கு விலை கொடுத்து வாங்கும் கருவியும் உண்டு. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் கட்டற்ற கருவியும் உண்டு. விலைக் கருவியின் உரிமத்தைப் புதுப்பிக்க மனமில்லாத சென்னைத் தலைமையகம், இருக்கும் நாற்பது சோதனைகளையும் கட்டற்ற கருவிக்கு மாற்றிவிடு என்று பிப்ரவரியில் ராஜதுரையிடம் ஒப்படைத்தது. உரிமம் முடிவது ஆகஸ்டு கடைசியில். டிக்கெட் பதிவு அதிலிருந்து இரண்டாவது வாரம்.

மார்ச் முதல் திங்கட்கிழமை, தலைமையகத்தோடு நடந்த வீடியோ கூட்டத்தில், "எண்பது பெர்சன்ட் முடிஞ்சிட்டு சார்" என்றார். ஏப்ரலில் எண்பது. மே மாதம் வெயில் ஏறியது, எண்பது ஏறவில்லை. ஜூலையில் குற்றாலத்தில் சீசன் களைகட்டி, சாரல் சங்கரன்கோவில் வரை எட்டிப் பார்த்தபோதும் எண்பது எண்பதாகவே நனையாமல் நின்றது. ஏன் எண்பது? ஐம்பது என்றால் ஏன் இவ்வளவு தாமதம் என்பார்கள். தொண்ணூற்றைந்து என்றால் எங்கே காட்டு என்பார்கள். எண்பதை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இடைப்பட்ட ஆறு மாதமும் அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். பழைய கருவியைச் சிவப்பிலும் புதியதைப் பச்சையிலும் போட்டு எட்டு ஒப்பீட்டு அட்டவணைகள் வரைந்தார். மாற்றத்துக்கு ஒரு சின்னம் வடிவமைத்தார். சின்னத்தைக் கோப்பையில் அச்சிட்டு அந்தக் கோப்பையில் டீ குடித்தார். உலகத்தில் யார் எங்கே எந்தக் கருவியைக் கைவிட்டாலும் அந்தச் செய்தியை அலுவலகக் குழுவில் பகிர்ந்து கீழே 'நாம் சரியான பாதையில்' என்று எழுதினார். சங்கடமான கேள்வி வந்தால் பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் சார் பேசுவது கேட்கவில்லை என்றார். கட்டற்ற மென்பொருளின் அருமை பற்றி அறுபது பக்கத்தில் ஒரு விளக்கம் தயாரித்தார். அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'ரகசியம்' என்று அச்சிட்டிருக்கும்.

'கட்டற்ற' என்ற சொல்லே எல்லாரையும் கட்டிப்போட்டது. கட்டு என்றால் தளை என்று கூட்டத்தில் விளக்கினார் ராஜதுரை. கட்டு என்றால் பணம் கட்டுவது என்று தலைமையகம் புரிந்துகொண்டது. தன்னை யாரும் கட்டி மேய்க்க முடியாது என்ற பொருளில் அவரே அதை உள்ளூர எடுத்துக்கொண்டார்.

இதில் மாட்டியவர் பாஜிலா. ராஜதுரையின் கீழ் சோதனை வேலை பார்ப்பவர், கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். 'தளம் ஐயாயிரம் பேரைத் தாங்கும்' என்ற சான்றில் போட வேண்டிய கையெழுத்து அவருடையது. தலைமைச் சிற்பிகள் கையெழுத்துப் போடுவதில்லை, வழிகாட்டுவார்கள். தளம் விழுந்தால் வேலை போவது பாஜிலாவுக்கு.

ஆகஸ்டு கடைசி வாரத்தில், உரிமக் கெடு கழுத்துக்கு வந்த பிறகு, ராஜதுரை புதிய கருவியில் முதன்முறையாகச் சோதனையை ஓட்டினார். திரை முழுவதும் பச்சை. ஐயாயிரம் பேர், ஒருவருக்குக் கால் நொடி. இனிப்புக் கடைக்கு ஆள் போனது. பாஜிலா மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அண்ணே, பழைய கருவியில நாலு செகண்டு ஆன வேலை, இது எப்படி கண்ணச் சிமிட்டுததுக்குள்ள முடியுது?"

"அதாம்மா ஓப்பன் சோர்ஸு."

"சைட்டு அதே சைட்டுதான? அளக்குத கோல மாத்துனா ஆளு வளந்துருவானா?"

"நீ இன்னும் பழைய கருவியிலயே நிக்க. மொதல்ல மனசு மைக்ரேட் ஆகணும் பாஜிலா."

மனசை ஓரமாக வைத்துவிட்டு, தளம் அனுப்பிய பதில்களில் ஒன்றைப் பாஜிலா திறந்து பார்த்தார். 'உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் உள்நுழையவும்.' அடுத்ததைத் திறந்தார். அதேதான். ஐயாயிரமும் அதேதான்.

நடந்தது இதுதான். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தளம் ஒரு புதுச் சீட்டுக் கொடுக்கும். அதைக் காட்டினால்தான் அடுத்த பக்கம். பழைய கருவி அந்தச் சீட்டைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதியது, பிடி என்று எழுதிச் சொன்னால்தான் பிடிக்கும். ராஜதுரை எழுதவில்லை. தமக்கு என்றோ கிடைத்த ஒரு காலாவதிச் சீட்டையே ஐயாயிரம் பேர் கையிலும் திணித்து அனுப்பியிருந்தார். தளம் மரியாதையாக, வேகமாக, எல்லாரையும் வாசலோடு திருப்பி அனுப்பியது. மரியாதையான பதிலைக் கருவி வெற்றி என்று எண்ணிப் பச்சை அடித்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் செருப்பு விடும் இடத்தோடு திரும்பிப் போனால், தரிசனம் வெகு சீக்கிரம் முடிந்தது என்று சொல்லலாம் அல்லவா?

"ஐயாயிரம் பேரும் வாசல்லயே நிக்காவ அண்ணே. ஒருத்தருகூட உள்ள போவல."

ராஜதுரை திரையைப் பார்த்தார். தலைமைச் சிற்பி தடுமாறுவதில்லை.

"வாசல் தாங்குதுல்லா? அதும் ஒரு ரிசல்ட்தாம்மா."

"கையெழுத்து போடப் போறது நான்லா அண்ணே?"

"அதனாலதான் நல்லாப் பாருன்னு சொல்லுதேன். கம்யூனிட்டில ஒரு கேள்வியும் போட்டு வச்சிருக்கேன்."

கம்யூனிட்டி என்பது, அந்தக் கருவி பற்றிய கேள்விகளுக்கு இணையத்தில் இலவசமாகப் பதில் சொல்லும், உலகெங்கும் பரவியிருக்கும் புண்ணியவான்களின் கூட்டம். மூன்று நாள் கழித்து அதில் ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'எனக்கும் இதே பிரச்சினைதான்.'

பாஜிலா காத்திருக்கவில்லை. டிக்கெட் பதிவுக்கான பன்னிரண்டு சோதனைகளை எடுத்து, சீட்டைப் பிடிப்பது, கொடுப்பது, பதிலில் டிக்கெட் எண் இருக்கிறதா என்று பார்ப்பது என்று முதலிலிருந்து எழுதினார். ஆறு நாள். ஏழாம் நாள் இல்லாத மக்கள் முதல்முறையாக உள்ளே போனார்கள். ஆயிரத்து எழுநூறாவது ஆள் நுழைந்ததும் தளம் குப்புற விழுந்தது. பாஜிலா அலுவலகத்தில் அன்றுதான் சிரித்தார் என்கிறார்கள். தளம் கட்டியவர்கள் திட்டிக்கொண்டே சரிசெய்தார்கள். மறுபடி ஓட்டினார், மறுபடி விழுந்தது, மறுபடி சரிசெய்தார்கள். பதிவுக்கு முந்தின நாள் ஐயாயிரமும் தாங்கியது. கையெழுத்துப் போட்டார்.

பதிவு நாளில் தளம் அசையவில்லை. பாஜிலாவின் வேலை நிரந்தரமானது. தலைமையகத்திலிருந்து பாராட்டு மடல் ராஜதுரைக்கு வந்தது, நகல் பாஜிலாவுக்கு. மிச்சமிருந்த இருபத்தெட்டு சோதனைகளைப் பற்றி அடுத்த திங்கட்கிழமை கேட்டார்கள். எண்பது சதவீதம் என்றார் ராஜதுரை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் யாரோ ஒரு வேலையைப் பற்றிக் கேட்டபோது, "அநேகமா முடிஞ்ச மாதிரிதான்" என்று சொன்னது யார்? தை முதல் தேதியிலிருந்து எல்லாம் வேறு என்று வீட்டில் முழங்கியது எந்தத் தை? இந்த இனத்தை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு: இதைப் படிக்கும்போது மாற்றுநர் என்றதும் பக்கத்து நாற்காலிக்காரர் முகம்தான் நினைவுக்கு வரும். பக்கத்து நாற்காலிக்காரரும் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பதிவு தொடங்கிய காலை எட்டு மணிக்கு ராஜதுரை அலுவலகத்தில் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஆம்னி பஸ் டிக்கெட் எழுதும் செல்லப்பாவின் கடை முன்னால் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க சைட்டுலயே போடலாம்லா? ஏன் இங்கன வந்து நிக்கிய?"

"அத நம்பி இருக்க முடியுமா வே? நீ எழுது."

மச்சினன் குடும்பம் தீபாவளி முடிந்து சென்னை திரும்புவதற்கு நான்கு டிக்கெட்டைக் கையால் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.