கேமரா அண்ணாச்சியின் கை

மும்பையில் ஆடாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான், அது கேமரா அண்ணாச்சியின் வலது கை. ரயில் ஆடும், மழைக்காலத்தில் கட்டடம் ஆடும், எங்கள் குடியிருப்பு சொசைட்டி செயலாளரின் நாற்காலி வருடா வருடம் ஆடும். அண்ணாச்சி குர்லாவில் அரை கிளாஸ் கட்டிங் சாயோடு ஹார்பர் லைன் ரயில் கூட்டத்துக்குள் ஏறுவார். முழங்கைகள் நாலு பக்கமும் குத்தும். செம்பூரில் இறங்கும்போது சாய் விளிம்பு வரை அப்படியே இருக்கும். ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்து லெட்டர் பாக்ஸில் மட்டும்தான் இருந்தது. தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷனில், உள்ளே போகும் கேமராவை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் வெட்டுவார். படம் ஆடினால் எல்லாம் ஆடிப்போகும்.

இந்த வேலையால் அவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. முகங்கள் மனதில் நிற்காது. தியேட்டரில் முகம் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கும். அதனால் யாரோடு பேசினாலும் வயிற்றைப் பார்த்தே பேசுவார். "சாப்ட்டாச்சா?" என்று அவர் கேட்டால், கேள்வி நமக்கா நம் இரைப்பைக்கா என்று தெரியாது. லிஃப்டில் அவரோடு ஏறுகிறவர்கள் டிபன் பையைத் தூக்கி வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள்.

கை ஆடாதவர் என்று நம்பி, மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு அவரை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். துளி ஆட்டமில்லாத வீடியோ. ஆனால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தலை இல்லை. மாலை மாற்றுவதும் ஆசீர்வாதமும் மார்புக்குக் கீழேயே நடந்து முடிந்தன. பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். அண்ணாச்சி அவருடைய வலது விலாவைப் பார்த்து, "இம்புட்டுக் கோவம் ஆவாது, ஈரலுக்குக் கெடுதி" என்றார்.

ஒருநாள் செம்பூர் மார்க்கெட்டில், வெங்காய வண்டிக்குப் பக்கத்தில், ஒருவர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, என்னத் தெரியலயா?"

அண்ணாச்சி விழித்தார். வந்தவர் சட்டையைத் தூக்கினார். நாலைந்து சின்னத் தழும்புகள். குனிந்து பார்த்த அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அரே, நீங்களா. எடது பக்கம் மெலிசா, ஓரம் மடிஞ்சு இருக்குமே. அது சௌக்கியமா?"

ஈரலை விசாரித்தார். ஆளை விசாரிக்கவில்லை. வந்தவரும் கண் கலங்கி, "சௌக்கியமா இருக்கு" என்றார். வெங்காயக்காரன் எடை போடுவதை நிறுத்திவிட்டான்.

அவரோடு இருந்தால் சிரிப்பும் வரும், முதுகில் குளிரும் ஏறும். ஒரு சாயங்காலம் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட, மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார்.

"உள்ள எப்பவும் இருட்டுதான் தம்பி. பொறந்ததுலேர்ந்து வெளிச்சமே பாக்காத எடம். நாம லைட்டக் கொண்டு போறோம்லா, அப்ப ஈரல் மூச்சுக்குத் தக்கன மெல்ல ஏறி எறங்கும். யாரு வந்திருக்கான்னு அது எட்டிப் பாக்காப்ல இருக்கும். ஆளு தூங்குவான். அது தூங்காது."

அன்றிலிருந்து எனக்குக் குப்புறப் படுக்கத் தயக்கம். நசுங்கினால் கோபித்துக்கொள்ளுமோ என்று.

பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்தது. அண்ணாச்சி அதற்கு வைத்த பெயர் தடியன்.

"நாலு கையி. பூராம் பிளாஸ்டிக் ஒறைய மாட்டி, பொணத்தப் போத்துனாப்ல நிக்கும். டாக்டரு மூலையில ஒரு பொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒக்காந்துருவாரு. இங்க கையி மட்டும் தானா அசையும். கேமராவையும் அதே புடிச்சுக்கிடும். ஆனா தடியனுக்கு ஆளத் தெரியாது. யாரு வயிறுன்னாலும் அதுக்கு ஒண்ணுதான்."

அடுத்த மழைக்காலத்தில் என் ஈரலில் ஒரு கட்டி இருப்பதாக ஸ்கேன் சொன்னது. எடுத்தாக வேண்டும். அதே ஆஸ்பத்திரிதான். சர்ஜன் இரண்டு வழியையும் பொறுமையாக விளக்கினார். இரண்டிலும் சின்னத் துளைகள்தான். லேப்ராஸ்கோப்பியில் நீளக் கருவிகளை அவரே பிடிப்பார். உள்ளே இருக்கும் இறுக்கம் கொஞ்சம் கைக்குத் தெரியும், ஆனால் கருவி மணிக்கட்டு போல மடங்காது. ரோபோவில் மடங்கும், படம் ஆழத்தோடு தெரியும், நடுக்கம் இருக்காது. ஆனால் தொட்டு உணர்வது குறைவு, செலவு கூடுதல். "உங்க கேஸ்ல ரெண்டுமே சரி. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? உயிர் விஷயத்தில் தெரிந்த கை இருக்கும்போது தடியன் எதற்கு? லிஃப்டில் அண்ணாச்சியைப் பிடித்து, என் ஈரல் அவருக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பார்வை என் வயிற்றிலிருந்து மெல்ல மேலே ஏறியது. பல வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தபோதுகூட நான் அப்படிக் கலங்கவில்லை.

"மெஷினே வச்சுக்கிடுங்க தம்பி" என்றார். தன் மாடி வருமுன்பே இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு என்னைக் கண்டாலே லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார். என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தடியன் தடியன்னு ஏசுன மனுசன், அதையே வைக்கச் சொல்லுதாரே. உள்ள என்னத்தையோ பாத்துட்டாரு போல."

"சட்டைக்கு மேலேருந்தா?"

"அவரு பாப்பாரு."

அந்த இரண்டு வார்த்தையும் என்னோடு படுத்து என்னோடு எழுந்தன. கண்ணாடி முன் சட்டையைக் கழற்றி நின்று, அவர் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். மூச்சுக்கு ஏறி இறங்கியது. பயந்துபோய் ரோபோவுக்கே சம்மதம் சொன்னேன்.

தியேட்டர் ஜில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் போர்த்தி, கைகளை மடித்துக்கொண்டு தடியன் நின்றிருந்தான். அண்ணாச்சி சொன்னதில் மிகையே இல்லை. மூலையில் காலிப் பெட்டி. என் கால்மாட்டில் முகத்தை மூடிய ஒருவர், போர்வைக்கு மேல் என் பாதத்தைப் பிடித்திருந்தார். பாதம் நடுங்கியது. குளிரில் நான்தான் நடுங்குகிறேன் என்று நினைத்தேன். நடுங்கியது அந்தக் கை.

"அண்ணாச்சியா?"

"நான்தான். இன்னைக்கு டூட்டி வேண்டாம்னுட்டேன். சும்மா நிக்கேன்."

"அன்னைக்கு உள்ள என்ன பாத்தீங்க? நெசத்தச் சொல்லுங்க."

"உள்ள என்னத்தப் பாத்தேன். ஒங்க மொகத்தைத்தான் பாத்தேன்." கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். "மொகம் தெரியாத ஆளுன்னா எனக்குக் கை நிக்கும் தம்பி. ஒங்களுக்கு நிக்காது. தடியனுக்கு ஒங்களத் தெரியாதுல்லா."

நான் பதில் சொல்வதற்குள் மயக்க மருந்து முந்திக்கொண்டது.

கட்டி போய்விட்டது, நான் இருக்கிறேன். தடியன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சி ஓய்வு பெற்று, அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது வீடியோ கால் பண்ணுவார். எங்கள் வாட்ச்மேனுக்குப் பண்ணினால் அண்ணாச்சியின் வயிறு மட்டும் தெரியுமாம், படம் கல்லு மாதிரி நிற்குமாம். எனக்குப் பண்ணும்போது முகம் முழுக்கத் தெரிகிறது. படம்தான் ஒரு நிமிடம்கூட ஆடாமல் நிற்பதில்லை. "போனை எங்கியாச்சும் சாச்சு வைக்கச் சொல்லுங்க, தலை சுத்துது" என்பாள் மனைவி. நான் சொன்னதே இல்லை. அந்த ஆட்டம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.